குடிநீங்காக் கொடையும் குடிநீக்கிய கடிதமும்: கச்சத்தீவுச் சொல்லாடலில் கடலுரிமை

ஆய்வுச்சுருக்கம்

கச்சத்தீவு பற்றிய தமிழக அரசியல் சொல்லாடல் 'தாரைவார்த்தல்', 'மீட்பு' என்னும் இரு சொற்களைச் சுற்றியே அரை நூற்றாண்டாக இயங்கி வருகிறது. இரண்டும் தீவின் உடைமையை முன்னிறுத்தும் சொற்கள். மீனவர் இழந்ததோ முதன்மையாகக் கடலில் தொழில் செய்யும் உரிமை. அவ்வுரிமை 1974-ஆம் ஆண்டின் உடன்பாட்டால் அன்றி, 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதத்தால் நீங்கியது. திருவரங்கம் உள்ளிட்ட தமிழகக் கோயில்களின் கல்வெட்டுகள் நிலத்தின் மேலாட்சியையும் அதில் உழைப்போரின் உரிமையையும் வேறுபடுத்திக் காட்டும் முறையைத் துணையாகக் கொண்டு, இச்சொல்லாடலை இக்கட்டுரை திறனாய்கிறது.

திறவுச்சொற்கள்: கச்சத்தீவு, பாக் விரிகுடா, கடற்சட்டம், குடிநீங்காத் தேவதானம், மரபுவழி மீன்பிடி, திருவரங்கம்.

முன்னுரை

2011 மே மாதம் திருவரங்கம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு முதலமைச்சரான ஜெ. ஜெயலலிதா, அடுத்த மாதமே கச்சத்தீவு வழக்கில் தமிழக அரசின் வருவாய்த்துறையை ஒரு தரப்பாக இணைக்கும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 2008-இல் அவர் தனிப்பட்ட முறையில் உச்சநீதிமன்றத்தில் தொடுத்திருந்த வழக்கு அது. 2013-இல் அதே பொருளில் வழக்குத் தொடுத்த மு. கருணாநிதி, 1957-இல் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குளித்தலையிலிருந்து முதன்முதலாகச் சட்டமன்றம் சென்றவர். கடலைக் காணாத காவிரிக்கரைத் தொகுதிகள் இவை. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் வாழும் திருவரங்கத்தார்க்குத் 'தீவு' என்ற சொல் அன்றாட வழக்கில் உள்ளதுதான். எனினும் கடற்சட்டம் பேசும் தீவு வேறு, ஆற்றிடைக்குறையாகிய அரங்கம் வேறு.

தொகுதி தற்செயலானது. ஆனால் இவ்வழக்குகளைச் சூழ்ந்து வளர்ந்த சொற்கள் தற்செயலானவை அல்ல. நடுவணரசு கச்சத்தீவைத் 'தாரைவார்த்தது' என்பதும் அதை 'மீட்க' வேண்டும் என்பதும் மேடையிலும் செய்தித்தாளிலும் சட்டமன்ற உரைகளிலும் ஏறக்குறைய மாற்றமின்றி வருகின்றன. 1991 அக்டோபர் 3-ஆம் நாளின் சட்டமன்றத் தீர்மானத்திலும் 2025 ஏப்ரல் 2-ஆம் நாளின் தீர்மானத்திலும் மையமாக நின்ற கோரிக்கை மீட்பே. ஆட்சியிலிருந்த கட்சிகள் வேறு, சொல் ஒன்று. 1974-இல் யார் எதை அறிந்திருந்தனர் என்ற கட்சிப்பூசல் இங்கு ஆராயப்படவில்லை. அது போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது.

கொடையின் இலக்கணம்

தாரைவார்த்தல் என்பது கொடையை நிறைவு செய்யும் சடங்கு. கொடுப்பவர் நீர் வார்க்க, பெறுபவர் கையேந்திப் பெற, பொருள் கைமாறுகிறது. கோயில்களுக்கும் அந்தணர்க்கும் நிலம் வழங்கிய செய்தியைக் கூறும் கல்வெட்டுகளில் நீர்வார்த்துக் கொடுத்தமை மீண்டும் மீண்டும் பதிவாகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி முழுவதும் திருவரங்கம் கோயிற் கல்வெட்டுகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது என்பதிலிருந்து இவ்வகை ஆவணங்களின் பெருக்கத்தை உணரலாம்.

மேடைத்தமிழ் இச்சடங்கின் பெயரை எடுத்துக்கொண்டது. அதன் இலக்கணத்தை விட்டுவிட்டது. கொடை ஆவணம் 'கொடுத்தோம்' என்பதோடு நிற்பதில்லை. நான்கெல்லை கூறும், எவ்வரி நீங்கியது, எவ்வரி நின்றது என்று கூறும், நிலத்தின் மீதான உரிமைகளைப் பகுத்துக் கூறும். மேலாட்சியைக் குறிக்க மீயாட்சி என்றும், உழுதுண்ணும் உரிமையைக் குறிக்கக் காராண்மை என்றும் தனித்தனிச் சொற்கள் வழங்கின. அவற்றினும் கூர்மையான பாகுபாடு ஒன்று உண்டு. நிலத்தில் முன்பிருந்த குடிகளை அகற்றாமல் வழங்கியது குடிநீங்காத் தேவதானம். அகற்றி வழங்கியது குடிநீக்கிய தேவதானம். கொடுத்தவர் ஒருவரே, பெற்ற கோயில் ஒன்றே என்றாலும், அந்நிலத்தில் ஏர் பூட்டியவர்க்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

நிலத்திற்குரிய இப்பாகுபாட்டைக் கடலுக்கு அப்படியே பொருத்த இயலாது. கடலில் வேலியில்லை, மீனவர் குடியிருப்பு கரையில், தொழில் நீரில். இருப்பினும் 1974, 1976 ஆவணங்களை வாசிக்கத் 'தாரைவார்த்தல்' என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டிலும் இப்பாகுபாடு பெரிதும் உதவுகிறது.

1974: உடன்பாட்டின் வாசகம்

1974 ஜூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் புதுதில்லியிலும் கையொப்பமான உடன்பாட்டின் தலைப்பிலேயே 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்னும் தொடர் உள்ளது. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பமிட்ட இவ்வுடன்பாடு, பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளை இணைத்து எல்லை வரைந்தது. கோடு கச்சத்தீவின் மேற்குக் கரைக்கு ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே செல்கிறது. 285 ஏக்கர் பரப்புள்ள, குடிநீரற்ற, நிலையான மக்கள் வாழ்வில்லாத தீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. உடன்பாட்டின் நான்காம் உறுப்பு, கோட்டின் தன்தன் பக்கத்து நீரும் தீவும் கடலடி நிலமும் அவ்வந்நாட்டின் இறையாண்மைக்கும் தனியதிகாரத்திற்கும் உட்பட்டவை என்கிறது. கல்வெட்டு மொழியில் சொன்னால், இது மீயாட்சியை வகுக்கும் உறுப்பு.

ஐந்தாம், ஆறாம் உறுப்புகள் வேறு வகையின. இந்திய மீனவரும் வழிபாட்டுப் பயணிகளும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், அதற்குப் பயண ஆவணமோ நுழைவிசைவோ தேவையில்லை என்பது ஐந்தாம் உறுப்பின் பொருள். இருநாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து துய்க்கும் என்பது ஆறாம் உறுப்பு. 1974 ஜூலை 23-இல் மக்களவையில் வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் அளித்த விளக்கமும் மரபுரிமைகள் பாதிக்கப்படவில்லை என்பதையே வலியுறுத்தியது. ஆக, 1974-இல் நிகழ்ந்ததைக் கொடை என்றே கொண்டாலும் அது குடிநீங்காக் கொடை.

ஆறாம் உறுப்பில் ஒரு குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது 'கலங்கள்' என்கிறது; மீன்பிடி என்று சொல்லவில்லை. கப்பலோட்டும் உரிமை மட்டுமா, வலைவீசும் உரிமையுமா என்பது வாசகத்தால் தெளிவாகவில்லை. ஐந்தாம் உறுப்போ மீனவரைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. ஆனால் தீவுக்குச் செல்வதை மட்டுமே பேசுகிறது. பின்னாளில் நடுவணரசு நாடாளுமன்றத்தில், இது வலை உலர்த்தவும் இளைப்பாறவும் தரப்பட்ட இசைவே, மீன்பிடி உரிமை அன்று என்று பொருள்கொண்டது. பருத்தி நூல் வலை மறைந்து நைலான் வலை வந்தபின் உலர்த்துவதற்கு ஏதுமில்லை. மீனவர் நலனைக் காப்பதாகச் சொல்லப்பட்ட இரண்டு உறுப்புகளில் ஒன்று தொழிலைச் சொல்லாமல் கலத்தைச் சொன்னது; மற்றது கடலைச் சொல்லாமல் கரையைச் சொன்னது. வரைவு எழுதிய மேசையில் மீன்பிடித் தொழில் தெரிந்த எவரும் இருந்ததாக இவ்வாசகங்கள் காட்டவில்லை.

1976: கடிதத்தின் வாசகம்

1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வரையும் இரண்டாம் உடன்பாடு புதுதில்லியில் கையொப்பமானது. அதனோடு இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கைத் தரப்பில் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். ஒரு நாட்டின் மீன்பிடிக் கலங்களும் மீனவரும் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ ஆட்புலக் கடலிலோ தனிப் பொருளாதார மண்டலத்திலோ அந்நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடித்தல் கூடாது என்பது அக்கடிதத்தின் முதன்மையான கூற்று. குடி நீங்கியது இவ்விடத்தில்தான்.

காலத்தைக் கருத வேண்டும். நாட்டில் நெருக்கடிநிலை நடப்பிலிருந்தது. தமிழகத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அவ்வாண்டு ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டுவிட்டது. 1974 உடன்பாட்டைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றச் சட்டமன்றம் இருந்தது. 1976 கடிதத்தைக் கண்டிக்கச் சட்டமன்றம் இல்லை. கச்சத்தீவு என்றாலே 1974 நினைவுக்கு வருவதற்கும் 1976 வராமைக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாம் உடன்பாடு மன்னார் வளைகுடாவைப் பற்றியது, அதனோடு இணைந்த கடிதம் பாக் விரிகுடாவைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடுவோர் உளர். 1974-இன் ஆறாம் உறுப்பு வெளிப்படையாக நீக்கப்படவில்லை என்பது இவ்வாதத்திற்கு வலுவூட்டுகிறது. ஆயினும் கடிதத்தில் 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற தொடர் இடம்பெற்றிருப்பதை இவ்வாதத்தால் விளக்க இயலவில்லை. அத்தொடர் 1974 உடன்பாட்டின் தலைப்பிலிருந்து வருவது; பாக் விரிகுடாவையே சுட்டுவது.

தமிழ்ச் சொல்லாடல் பெரும்பாலும் தவறவிடும் மற்றொரு பகுதி இக்கடிதத்தில் உண்டு. குமரிமுனைக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் எனப்படும் மீன்வளம் மிக்க கடலடி மேடு இந்தியப் பக்கம் அமைந்தது. அங்கு மீன்பிடித்துவந்த இலங்கைக் கலங்களுக்கு மூன்றாண்டு அவகாசம் வழங்கப்பட்டது: ஆறு கலங்களுக்கு மிகாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல். எண்ணி ஆறு கலங்களுக்காக எண்ணிக்கையும் எடையும் காலமும் குறித்து வாசகம் எழுதப்பட்டது. பாக் விரிகுடாவில் தலைமுறைகளாகத் தொழில் செய்த இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், கோட்டைப்பட்டினம், நாகப்பட்டினக் கரை மீனவர்க்கு ஒருநாள் அவகாசமும் எழுதப்படவில்லை. 1974-இல் தீவு போனதைக் காட்டிலும் இந்த வேறுபாடே கடுமையான திறனாய்வுக்கு உரியது.

வழக்குகளின் வாதநிலை

உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 1974, 1976 ஆகிய இரு உடன்பாடுகளையும் எதிர்க்கிறது. எனினும் அதன் முதுகெலும்பு 1960-ஆம் ஆண்டின் பெருபாரி கருத்துரை: நாட்டின் நிலப்பகுதியை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை. வங்காளதேசத்துடனான நிலப்பரிமாற்றத்திற்கு 2015-இல் நூறாம் திருத்தம் நிறைவேற்றப்பட்டதை நோக்க, கச்சத்தீவுக்கு அவ்வாறு செய்யப்படவில்லை என்ற குறை நியாயமானதே. நடுவணரசின் மறுமொழியும் எளியது: தீவு உரிமை வரையறுக்கப்படாத தகராற்றுப் பகுதி, ஆகவே எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. இதனால் வழக்கு முழுவதும் இராமநாதபுரம் சேதுபதிகளின் உடைமைச் சான்றுகளைச் சுற்றியதாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குத்தகைகளில் சாயவேர் சேகரிக்கும் உரிமையோடு இத்தீவு குறிக்கப்படுவது வலுவான சான்று. மறுபுறம், 1921-இல் சென்னை, இலங்கை அரசுப் பேராளர்கள் மீன்பிடி எல்லை பற்றிப் பேசியபோது கோடு தீவுக்கு மேற்கே மூன்று மைலில் செல்ல ஒத்துக்கொண்டனர் என்பது, அம்முடிவு உறுதி செய்யப்படாவிடினும், எதிர்த்தரப்புக்கு உதவுகிறது.

பெருபாரி வாதம் வென்றாலும் அது தொடுவது நிலத்தை. அயல்நாட்டு நீரில் மீன்பிடிக்கும் உரிமையைக் கைவிட்ட ஒரு கடிதம் நிலம் விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆகவே அவ்வாதத்தின் வலையில் 1976 கடிதம் எளிதில் சிக்குவதில்லை. மேலும், எல்லை உடன்பாட்டை உள்நாட்டுச் சட்டக்குறை காட்டிக் கைவிடுவதை உடன்பாடுகள் பற்றிய பன்னாட்டுச் சட்டம் மிக அரிதாகவே ஏற்கும். சூழல் மாறிவிட்டது என்ற காரணம் எல்லை உடன்பாடுகளுக்குப் பொருந்தாது என்பது 1969 வியன்னா உடன்படிக்கையின் 62-ஆம் உறுப்பில் வெளிப்படை.

இன்னும் ஒன்று. தீவு மீண்டுவிட்டதாகவே கொள்வோம். அதை அடிப்படையாக வைத்து நடுக்கோடு வரைந்தால் கோடு கச்சத்தீவுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் நிற்கும். 'நெடுந்தீவு அருகே மீனவர் கைது' என்ற செய்தி அப்போதும் நிற்காது.

கடற்சட்டம் தரும் இடம்

1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையை இலங்கை 1994-இலும் இந்தியா 1995-இலும் ஏற்புறுதி செய்தன. கைதாகும் மீனவர் பொருட்டு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அதன் 73-ஆம் உறுப்பு: பிடிபட்ட கலமும் மாலுமிகளும் உரிய பிணையில் விரைந்து விடுவிக்கப்பட வேண்டும், உடன்பாடு இல்லாத நிலையில் சிறைத்தண்டனை கூடாது. ஆனால் அவ்வுறுப்பு தனிப் பொருளாதார மண்டலத்துக்கு உரியது. இலங்கை 1977-இல் தன் பக்கத்துப் பாக் விரிகுடாவை உள்நாட்டு நீர்ப்பரப்பாக அறிவித்தது. 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற தொடருக்கு 1974-இல் இந்தியாவும் சேர்ந்து ஒப்பமிட்டதன் விளைவை இவ்விடத்தில் காணலாம். வரலாற்று உரிமையை நிலைநாட்ட வந்த சொல்லே, மீனவர்க்குச் சட்டம் தரும் குறைந்த அளவுப் பாதுகாப்பையும் தடுக்கும் சொல்லாயிற்று.

பயன்தரும் முன்மாதிரி செங்கடலில் உள்ளது. எரித்திரியாவுக்கும் ஏமனுக்கும் இடையிலான வழக்கில் நடுவர் தீர்ப்பாயம் 1998-இல் சுக்கர்-ஹனிஷ் தீவுகளை ஏமனுக்கு அளித்தது. அதே தீர்ப்பில் இருநாட்டு மீனவரின் மரபுவழி மீன்பிடி முறைமை அந்நீரில் தொடரவேண்டும் என்றது. தீவு ஒருவர்க்கு, தொழில் இருவர்க்கு. தென்சீனக் கடல் வழக்கின் 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஸ்கார்பரோ திட்டின் இறையாண்மை யாருக்கென்று கூறாமலேயே, அங்குப் பிலிப்பைன்ஸ் மீனவரின் மரபுவழித் தொழிலைச் சீனா தடுத்தது தவறென்றது. மீயாட்சியையும் காராண்மையையும் பிரித்துக் காணும் பார்வைக்கு இருபத்தோராம் நூற்றாண்டின் சட்டமொழியிலும் இடமுண்டு என்பதை இவை காட்டுகின்றன.

இம்முன்மாதிரிகளை அப்படியே எடுத்துக்கொள்ள இரண்டு தடைகள் உள்ளன. நாடுகள் தமக்குள் உடன்பட்டு இவ்வுரிமையைக் கைவிடலாம். 1976 கடிதம் அவ்வாறு கைவிட்டது. எனினும் அதே கடிதம் 'வெளிப்படையான அனுமதியின்றி' என்று கூறுவதால் அனுமதி பெறும் வழியை அடைத்துவிடவில்லை. ஓர் உடன்பாட்டையும் கிழிக்காமல், வெட்ஜ் பேங்கிற்கு எழுதியது போல எண்ணிக்கையும் காலமும் குறித்த புதிய கடிதம் ஒன்று எழுத அதன் வாசகமே இடந்தருகிறது. கோரிக்கை மீட்பாக இருக்கும்வரை இவ்வாயிலை யாரும் தட்டப்போவதில்லை. இரண்டாவது தடை இன்னும் கடினமானது. இரு தீர்ப்பாயங்களும் காத்தது சிறுதொழில் மீன்பிடியை. பெருந்தொழில் மீன்பிடியை அன்று.

எவருடைய குடி?

'மரபுவழி உரிமை' என்று தமிழகத்தில் கூறும்போது நாட்டுப்படகும் வள்ளமும் கண்முன் வருகின்றன. எல்லை தாண்டிக் கைதாகும் கலங்களுள் மிகுதி விசைப்படகுகள். கடலடியை வாரும் இழுவலையுடன் அவை இக்கரையில் பரவியது 1960-களில், ஏற்றுமதி இறாலுக்காக. 1974-இல் ஆறாம் உறுப்பு எழுதப்பட்டபோது அத்தொழிலுக்கு வயது பத்துப் பதினைந்து. அதை மரபு எனச் சாதிப்பது எந்தத் தீர்ப்பாயத்திலும் எளிதன்று. தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே கரையிலிருந்து மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கி, இவ்விரு தொழில்களையும் வேறாகக் காண்கிறது. உள்நாட்டில் ஏற்கப்பட்ட வேறுபாடு பன்னாட்டுக் கோரிக்கையில் மறைக்கப்படுகிறது.

எதிர்க்கரையிலும் குடிகள் உண்டு. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் தமிழ் மீனவர் போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லத் தடுக்கப்பட்டிருந்தனர். 2009-க்குப் பின் மீண்டும் வலையெடுத்தபோது இழுவலைகள் தம் வலைகளை அறுப்பதைக் கண்டனர். இலங்கை 2017-இல் இழுவலையைச் சட்டத்தால் தடைசெய்ததில் அவர்களது நெடிய போராட்டத்துக்குப் பங்குண்டு. 'தமிழக மீனவர் – சிங்களக் கடற்படை' என்ற இருமுனைச் சட்டகத்தில் இம்மூன்றாம் தரப்புக்கு இடமில்லை. கடலில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடுகளும் உயிரிழப்புகளும் மெய். அவற்றைக் கண்டிப்பதற்கு இம்மக்களை மறப்பது நிபந்தனையாக வேண்டியதில்லை.

கடல் விளைச்சலின் மீது உள்நாட்டு நகரம் செலுத்தும் அதிகாரம் புதிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்திரேயக் கடற்பயண நூல்', கடற்கரையில் எடுக்கப்பட்ட முத்துகள் 'அர்காரு' என்னும் உள்நாட்டு ஊரில் மட்டுமே விற்கப்பட்டதாகக் கூறுகிறது. அவ்வூரை உறையூர் எனப் பலரும் அடையாளம் காண்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக் விரிகுடாவின் சங்குப்படுகை பற்றிய அன்னக்குமாரு பிள்ளை வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றதும் குளித்தவரின் உரிமையை அன்று, படுகையின் உடைமையை. முத்தெடுத்தவர், சங்கெடுத்தவர் ஆகியோரின் உரிமை இந்த நீண்ட ஆவண வரிசையில் எங்கும் தனித்து எழுதப்படவில்லை. 1974-இன் ஆறாம் உறுப்பு, அதன் குறைகளோடும், அதற்கு அருகில் வந்த அரிய வாசகம், இரண்டாண்டுகூட நிலைக்கவில்லை.

இருகரை மீனவரும் நேரில் பேசிய கூட்டங்கள் 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையிலும் நடந்தன. அவற்றின் மையப்பொருள் கச்சத்தீவு அன்று, இழுவலை. அத்தொழிலைப் படிப்படியாகக் கைவிட மூன்றாண்டு அவகாசமும், அதுவரை ஆண்டுக்குக் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டும் எதிர்க்கரை நீரில் தொழில் செய்ய இசைவும் தமிழகத் தரப்பு கேட்டது. 1976-இல் வெட்ஜ் பேங்கின் ஆறு கலங்களுக்குக் கிடைத்த அதே மூன்றாண்டு. இம்முறை கேட்டவரும் தமிழ் மீனவர், மறுத்தவரும் தமிழ் மீனவர்.